அரிக்கும் தோலுக்கு எது: வீட்டுச் சோப்பா, நலங்கு மாவா, மெடிக்கல் குளியல் கட்டியா?

அண்ணன் வீடு வள்ளியூரில். போன சித்திரையில் போயிருந்தபோது, பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, மதினி கையை நீட்டினார். "ஏளா, நீ குடுத்த சோப்பு பண்ணியிருக்க வேலையப் பாரு. மோதிரத்துக்கு அடியில தீயா எரியி."

மோதிரத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். மோதிரம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு மட்டும் தோல் சிவந்து, மெழுகு பூசியதுபோல் பளபளத்து, மெல்லிய வெடிப்பு விட்டிருந்தது. அதற்கு மேலும் கீழும் விரல் நன்றாக இருந்தது. உள்ளே என் மருமகளுக்கு, அதாவது அண்ணன் மகளுக்கு, வேறு மாதிரி. கழுத்தின் இரண்டு பக்கமும் முழங்கை மடிப்பிலும் பொடிப்பொடியாகப் பொரி. "போட்ட அன்னைக்கு ஒண்ணுமில்ல அத்தை. ரெண்டு நாள் கழிச்சுத்தான் அரிக்க ஆரம்பிச்சுது" என்றாள்.

ஒரே தட்டில் காய்ந்த சோப்பு, ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகக் கெடுத்திருக்கிறது. ஆறு வருஷமாகப் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சோப்பு காய்ச்சுகிறேன். "கெமிக்கல் இல்லாதது" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் சொல்வதில்லை. அரிப்புள்ள தோலுக்கு எதைப் போடுவது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு, நான் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு கோளாறுகளையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மதினிக்கு வந்தது உறுத்தல். காரமான பொருள் தோலில் அதிக நேரம் தங்கினால் யாருக்கும் வரும், சீக்கிரமே எரியும், பட்ட இடத்தோடு நிற்கும். மோதிரத்துக்கும் வளையலுக்கும் அடியில் சோப்பு தங்கி, சரியாக அலசப்படாமல் இருப்பது இதற்கு வழக்கமான காரணம். மருமகளுக்கு வந்தது ஒவ்வாமை. உடம்பு ஒரு பொருளை ஏற்கெனவே எதிரியாகக் குறித்து வைத்திருக்கும். அது மறுபடி தோலில் பட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவப்பும் பொரியும் கிளம்பும். நேற்றுப் போட்டதை விட்டுவிட்டு இன்று காலையில் சாப்பிட்ட கத்திரிக்காயின் மேல் பழியைப் போடுவது இந்தத் தாமதத்தால்தான். உறுத்தலுக்குச் சோப்பின் காரத்தைக் குறைத்தால் போதும். ஒவ்வாமைக்கு அந்தப் பொருளையே விட வேண்டும், துளியளவுகூட ஆகாது.

இனி நான் கொடுத்த சோப்பு. தேங்காய் எண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 150, வேப்பெண்ணெய் 100, விளக்கெண்ணெய் 50. காஸ்டிக் சோடா 160 கிராம். இந்தக் கணக்கில் எண்ணெயில் 5 சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சும். தோலுக்கு அது ஒரு பாதுகாப்பு. சோடா கணக்கு தப்பவில்லை. ஆனால் நான்கிலிருந்து ஆறு வாரம் காய வேண்டிய கட்டியை, ஊருக்குப் போகும் அவசரத்தில் 18 நாளிலேயே எடுத்துவிட்டேன். மணத்துக்குக் கிராம்புத் தைலமும் எலுமிச்சைப்புல் தைலமும் விட்டேன். "மூலிகை" என்று சொல்லிக்கொள்ளக் குப்பைமேனிப் பொடி இரண்டு கரண்டி.

தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு விஷயம். எண்ணெயாகத் தடவினால் தோலுக்கு இதமான அதே தேங்காய் எண்ணெய், சோப்பாக மாறினால் மற்ற எண்ணெய்ச் சோப்புகளைவிடக் கடுமையானது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் சோப்பு தண்ணீரில் எளிதில் கரையும், நுரை பொங்கும், உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். தோலின் சொந்த எண்ணெயையும் அதே வேகத்தில் வழித்துக்கொண்டு போகும். என் வீட்டுக்குத் தாமிரபரணித் தண்ணீர் வருகிறது. சோப்பு ஒரு சொம்பில் அலசிப் போய்விடும். வள்ளியூர் வீட்டில் போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்தால் திரிந்த பால்போலப் பிசுக்கு உண்டாகி வாளியிலும் ஒட்டும், தோலிலும் ஒட்டும். இங்கே ஆறு வருஷமாக யாருக்கும் எரியாதது அங்கே பத்து நாளில் எரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ராதாபுரம், சங்கரன்கோவில் பக்கத்துப் போர் தண்ணீர் வீடுகளிலும் சோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருமகளை அண்ணன் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். புண் அடங்கிய பிறகு, சந்தேகப்படும் பொருள்களைத் துளித்துளியாக முதுகில் வரிசையாக ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை வைத்தார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி இரண்டு நாளில் இன்னொரு தடவை பார்த்தார்கள். வாசனைக் கலவை ஒட்டிய இடம் தடித்திருந்தது. அந்தக் கலவையில் உள்ள எட்டுப் பொருள்களில் யூஜினால் ஒன்று. கிராம்பின் மணம் என்பதே பெரும்பாலும் யூஜினால்தான். அதே பட்டியலில் பட்டையின் மணப்பொருளான சின்னமாலும் உண்டு, ஜெரானியாலும் உண்டு. இந்த மூன்றுமே செடியில் இருப்பவை. குற்றாலத்தில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கிவந்து பெட்டியில் வைத்து முகர்ந்து பார்க்கும் எனக்கு, அந்தச் சீட்டைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

கையால் காய்ச்சும் கைச்சோப்பில் தோல் கெடுவதற்குச் சோடாவைத்தான் எல்லோரும் பழிக்கிறார்கள். சரியாகக் கணக்கிட்டு, முழுக் காலமும் காய்ந்த கட்டியில் சோடாவாகச் சோடா மிஞ்சியிருக்காது. அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறியிருக்கும். தொல்லை அதிகமும் வருவது மணத்துக்கும் அழகுக்கும் பேருக்கும் நாம் பிறகு சேர்ப்பவற்றால். தைலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் தைலத்தில் லிமோனின் இருக்கிறது, லாவெண்டரில் லினலூல். புதிதாக இருக்கும்போது இவை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள்களாக மாறுகின்றன. டீ ட்ரீ தைலமும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில், பாதி காலியான புட்டியை வருஷக்கணக்கில் அலமாரியில் வைத்துச் சொட்டுச்சொட்டாக எடுத்து விடுவதைவிட, விடாமலே இருப்பது எவ்வளவோ மேல்.

குப்பைமேனிக்கு வருகிறேன். "சொறி சிரங்குக்குக் கைகண்ட இலை" என்று நம் வீடுகளில் சொல்வோம். அந்த இலை சிலருடைய தோலைச் சிவக்க வைக்கும் என்பதும் உண்மை. அதோடு, சோடாவில் விழுந்த பச்சிலைப் பொடியின் பச்சை நிற்பதில்லை. சில நாளிலேயே பழுப்பாகிவிடும். ஆறு மாதம் ஆகியும் கிளிப்பச்சையாக இருக்கும் மூலிகைச் சோப்பைப் பார்த்தால், நிறமி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டே வாங்க வேண்டும்.

ஆட்டுப்பால், ஓட்ஸ், கோதுமை சேர்ந்த சோப்புகளைப் பற்றிக் கேட்கிறார்கள். வெடிப்பில்லாத தோலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் ஜப்பானில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அங்கே கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பைத் தினமும் போட்டவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. முகத்தில் போட்ட சோப்பு, அதுவரை சாப்பிட்டுவந்த ரொட்டியையும் நூடுல்ஸையும் உடம்புக்கு ஆகாததாக்கிவிட்டது. நாம் சேர்க்கும் மாவும் பாலும் அந்தப் புரதத்தைப் போல் பதப்படுத்தியவை அல்ல. இருந்தாலும் தோல் வெடித்திருக்கும் பிள்ளைக்கு, அது சாப்பிடும் பொருளைத் தோலின் வழியே தேய்க்க நான் துணியமாட்டேன். பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது; ஆட்டுப்பால் சோப்பு அதற்கு மாற்று ஆகாது.

"கைச்சோப்பு" என்ற பேரில் இன்னொன்றும் விற்கிறது: உருக்கி ஊற்றுவது. ஆயத்தமான கிளிசரின் சோப்புப் பாளத்தை வாங்கி, துண்டு போட்டு உருக்கி, நிறமும் மணமும் ரோஜா இதழும் சேர்த்து அச்சில் ஊற்றினால் சில மணி நேரத்தில் கட்டி. கண்ணாடி மாதிரி இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் வேர்க்கும். சோடா தப்பும் பயம் இல்லை என்பது இதில் நல்லது. ஆனால் அந்தப் பாளத்தில் என்ன இருக்கிறது என்பது ஊற்றுகிறவருக்கே பல சமயம் தெரியாது. சிலவற்றில் சோடியம் லாரில் சல்பேட் இருக்கும். தோலை உறுத்துவதில் அது பேர்போனது. இதழும் மணமும்தான் இந்த வகைக்குக் கவர்ச்சி என்பதால் வாசனை எண்ணெயைத் தாராளமாக விடுகிறார்கள். அரிப்புள்ளவர்களுக்கு எல்லாவற்றிலும் இதைத்தான் கடைசியில் வைப்பேன்.

நலங்கு மாவுக்காக எங்கள் ஆச்சி இன்றைக்கும் வாதாடுவார்கள். "சோப்பு என்னத்துக்கு? பாசிப்பயத்தம் மாவு தேய்ச்சுக் குளிச்ச நாங்கல்லாம் சொறிஞ்சுக்கிட்டா கெடந்தோம்?" ஆச்சி சொல்வதில் பாதி சரி. பயத்தம் மாவு சோப்பைப் போல் காரமானதல்ல. அழுக்கை மெல்ல எடுக்கும், எண்ணெயை ஒரேயடியாக வழிக்காது. ஆச்சி போட்டது வெறும் பயத்தம் மாவு. இன்று திருநெல்வேலி டவுன் ரதவீதி நாட்டுமருந்துக் கடையில் "குளியல் பொடி" என்று கேட்டால் பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், கார்போக அரிசி என்று பன்னிரண்டு பதினைந்து சாமானைச் சேர்த்து அரைத்துத் தருகிறார்கள். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதில் கார்போக அரிசியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் சோராலின் இருக்கிறது. தோலில் இருக்கும் சோராலின் மேல் வெயில் பட்டால் தோல் வெந்து, கொப்புளித்து, பிறகு கறுத்துப்போகும். வெண்புள்ளிக்கு இந்த அரிசியைச் சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பயன்படுத்துவதும் இந்தக் குணத்துக்காகத்தான். வைத்தியர் பார்த்து அளவாகத் தருவது அது. மாவாகத் தேய்த்துச் சரியாக அலசாமல் பத்து மணி வெயிலில் ஸ்கூட்டியில் போகும் பெண்ணுக்கு அது தேவையில்லை. பொடி அரைக்கக் கொடுக்கும்போது "கார்போக அரிசி போட வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிடலாம். எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெளியே போவதும் இதே ஆபத்துதான். கஸ்தூரி மஞ்சளும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

பொடியின் மற்றக் குறைகள் சின்னவை. நைசாகச் சலிக்காவிட்டால் தோலைக் கீறும்; ஈரக்கை பட்டால் பூஞ்சை பிடிக்கும். அரப்பும் சீயக்காயும் தலைக்கு நல்லவை. உடம்பில் வெடிப்பு இருந்தால் அவையும் எரியும்.

மெடிக்கலில் கிடைக்கும் சோப்பில்லாத கட்டி, தோல் மருத்துவர்கள் எழுதித் தருவது, உண்மையில் சோப்பே இல்லை. வேறு கழுவுபொருளால் செய்து, தோலின் இயல்பான அமிலத் தன்மைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள். அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் எண் பி.எச்.; ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். தோலின் பி.எச். சுமார் 5.5, சோப்பின் பி.எச். 9 முதல் 10. இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறையில் சோப்பைத் தேய்த்தால் கறை சிவக்கும், ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிற மாதிரி. நான் மஞ்சள் தடவிய துணியில் மூன்று கோடு இழுத்துப் பார்த்தேன். என் சோப்பு சிவந்தது. கடைச் சோப்பும் சிவந்தது. மருமகளுக்கு எழுதித் தந்த கட்டி மஞ்சளாகவே நின்றது. அந்தத் துணியை மதினியிடம் காட்டிய பிறகுதான், விலையைச் சொல்லிச் சலித்துக்கொண்டிருந்தவர் சரி என்றார். போர் தண்ணீரிலும் இது பிசுக்காகத் திரியாது. வள்ளியூருக்கு அது பெரிய விஷயம்.

குறை இதற்கும் உண்டு. விலை அதிகம், தண்ணீர் தேங்கும் சோப்புப் பெட்டியில் வைத்தால் சீக்கிரம் குழைந்துபோகும். சிலவற்றில் வாசனை உண்டு, உறையில் பார்த்து வாங்க வேண்டும். தேங்காயிலிருந்து எடுக்கும் கோகமிடோபுரோபில் பீட்டைன் என்ற பொருள் அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை தரும். திரவ பாடி வாஷ் வாங்குகிறவர்கள், கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளின் பேர் உறையில் இருந்தால் விட்டுவிட வேண்டும். 2013-இல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் அதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது.

சாதாரணக் கடைச் சோப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறையில் டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புச் சத்து, 76 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம். "பாத்திங் பார்" என்று போட்டிருந்தால் கொழுப்புச் சத்து குறைவு. நல்ல தோலுக்குப் போதும். அதன் மணத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தாலும் சோதித்துப் பார்த்துப் போட வேண்டும். இங்கே ஒரு தப்பு நடக்கிறது. சோப்பைக் குழைத்துக் கையில் அப்பி, பிளாஸ்திரி ஒட்டி இரவு முழுக்க வைக்கிறார்கள். அப்படி மூடி வைத்தால் எந்தச் சோப்பும் யாருடைய தோலையும் சிவக்க வைக்கலாம். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் நுரையைத் தேய்த்து, குளிக்கும் நேரம் அளவுக்கு விட்டு அலச வேண்டும். அதே இடத்தில் காலையும் மாலையும், ஏழிலிருந்து பத்து நாள். நாலாம் நாள், ஐந்தாம் நாள் தடித்தாலும் அந்தச் சோப்பு ஆகாது.

கைச்சோப்பு விலைக்கு வாங்குகிறவர்கள், செய்கிறவரிடம் தயங்காமல் கேளுங்கள்: என்ன எண்ணெய், எத்தனை வாரம் காய்ந்தது, மணத்துக்கு என்ன விட்டீர்கள், சோடாவில் செய்ததா உருக்கி ஊற்றியதா. சோப்பை விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உறையில் உரிம எண்ணும் சேர்மானங்களும் இருக்க வேண்டும். "எல்லாம் இயற்கைதாம்மா" என்பது பதில் ஆகாது. கட்டியில் செம்புள்ளி விழுந்து காறல் நாற்றம் வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது, அதைத் தோலில் போட வேண்டாம்.

என் தீர்ப்பு இது. தோல் வெடித்து, நீர் கசிந்து, ரத்தம் தெரிகிற அளவில் இருந்தால் கைச்சோப்பும் வேண்டாம், பொடியும் வேண்டாம். வாசனையில்லாத மெடிக்கல் கட்டி, குளித்த ஈரம் காயும் முன் மருத்துவர் சொன்ன களிம்பு, அவ்வளவுதான். வட்டவட்டமாக ஓரம் தடித்துப் பரவினால் அது படையாக இருக்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் காட்டிவிட வேண்டும், எந்தச் சோப்பும் அதைப் போக்காது. பிறந்த குழந்தைக்கும், சிறுவயதிலிருந்து கரப்பான் என்னும் தோல் நோய் உள்ளவர்களுக்கும் இதே மெடிக்கல் கட்டிதான். சும்மா வறட்சி மட்டும் உள்ளவர்களுக்கு, தேங்காய் எண்ணெயைப் பாதிக்குக் கீழே இறக்கி, ஆறு வாரம் காய்ந்த, ஒன்றும் சேர்க்காத வெறும் கைச்சோப்பு நன்றாகவே ஒத்துவரும். காரமே ஆகாது, மருந்துக்கடை விலையும் முடியாது என்றால், தோல் முழுசாக இருக்கும்வரை ஆச்சியின் வெறும் பயத்தம் மாவு.

மதினி இப்போது பாத்திரம் கழுவும்முன் மோதிரத்தைக் கழற்றி அடுப்படி ஜன்னல் ஆணியில் மாட்டிவிடுகிறார். மூன்று வாரத்தில் விரல் தெளிந்துவிட்டது. மருமகள் மெடிக்கல் கட்டியோடு நிற்கிறாள். பல் வலிக்குக்கூடக் கிராம்புத் தைலம் வைக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "பிச்சிப்பூ வைக்கலாமா அத்தை?" என்று போன வாரம் போனில் கேட்டாள். கழுத்தில் படாமல் வைத்துப் பார், அரித்தால் எடுத்துவிடு என்றேன். என் பரணில் இப்போது காயும் கட்டிகளோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். ஊற்றிய தேதி, எடுக்க வேண்டிய தேதி, எண்ணெய்களின் பேர், அளவு. வாசனை என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறேன்.